ஐந்தாம் துளைக்கு வரவேண்டிய பச்சைக்கல்

மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண் பாட்டிலுக்குள் தன் தோட்டைத் தவறவிட்டுவிட்டார். அதைத் தெரியாமல் விழுங்கிய பெரியவர் ஒருவர் இருமும்போதெல்லாம் வயிற்றுக்குள் சலங்கை குலுங்குகிறது. இதுதான் என் காதுக்கு வந்த செய்தி. கொண்டுவந்தவர் எங்கள் தெருத் தையல்காரர். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு சொன்னதால், இவ்வளவு ஆபத்தான நிலையில் ஒரு மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் சந்தேகம் வந்தது. தோடு எப்படிக் குலுங்கும்? திரும்பிப் போய்க் கேட்டேன். "ஜிமிக்கியா இருக்கும்" என்றார், யோசிக்காமல். டீக்கடையில் விசாரித்தால் அது ஜிமிக்கி இல்லையாம், முத்தாம். விழுங்கியவர் ஒரு போலீஸ்காரராம். மருந்துக்கடைக்காரர் படித்தவர். யாரும் எதையும் விழுங்கியதாகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தொண்டையில் மாட்டி, ஆபரேஷன் செய்து, தோட்டை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

மூவரும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில். அந்தப் பெண்ணுக்கு இரண்டு காதிலும் சேர்த்துப் பதினோரு ஓட்டை.

"எல்லாம் திமிரு. ஒரு மனுஷிக்கு எதுக்குப் பதினோரு தோடு?" என்றார் டீக்கடைக்காரர். டம்ளரை நீட்டிய அவர் கையில் ஐந்து மோதிரங்கள் இருந்தன. விரல் தீர்ந்துவிட்டதால் நிறுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பதினோரு ஓட்டைக்காரரைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை தேவைப்படவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாடிப்படிக்கு அடியில் ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. படி ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தம் கடைக்குள் நிற்பவர்களின் உச்சந்தலையில் விழும். அங்கே பாதி நாள் வேலைக்கு நிற்கிறார். நாற்பத்திரண்டு வயது. எல்லோரும் அவரைப் 'பதினொண்ணு அக்கா' என்கிறார்கள். முதலாளி மட்டும் 'பதினொண்ணு' என்கிறார். அக்காவுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுப்பதில்லை அல்லவா.

நான் போனபோது ஒரு கல்லூரிப் பெண் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காது குத்த வந்தவள்.

"ரெண்டு காதுலயும் இன்னிக்கே குத்திக்கலாமா அக்கா? மும்மூணு?"

"குத்திக்கலாம். தூங்குறது எப்படி, நின்னுட்டா?"

"ஓ."

"ஒரு பக்கம் முதல்ல. நாலு மாசம் அந்தப் பக்கம் படுக்காத. கொதிச்சு ஆறின தண்ணில உப்பு போட்டு, பஞ்சுல ஒத்தி எடு. தலை துவட்டுறப்ப துண்டு மாட்டாமப் பாத்துக்க. அவ்வளவுதான்."

"தினம் சுத்தி விடணும், இல்லன்னா ஒட்டிக்கும்னு எங்கம்மா சொன்னாங்க."

"ஆறுற புண்ண தினம் கிளறிவிட்டா ஒட்டாதுதான். ஆறவும் ஆறாது."

அந்தப் பெண் அதற்குள் மூன்று தொங்கட்டான்களைக் காதோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இரண்டைப் பிடுங்கி அட்டையில் மாட்டினார்.

"பக்கத்துல பக்கத்துல ரெண்டு தொங்கினா சண்டை போட்டுக்கும். நீ தலையத் திருப்புறப்பல்லாம் பின்னிக்கும். ஒண்ணுதான் பேசணும், மத்ததெல்லாம் ஆமா போடணும்."

"அப்ப ஆமா போடறதுக்கு எதுக்கு அக்கா காசு குடுத்து வாங்கணும்?"

"ஆமா போட ஆள் இல்லன்னா பேசுறது எடுபடுமா?"

அவர் காதுகளிலும் அந்தச் சட்டம்தான் அமலில் இருந்தது. இடது காதில் ஏழு, வலது காதில் நான்கு. வலது பக்கம் படுத்துத் தூங்குகிறவர் என்பதால் அங்கே இட ஒதுக்கீடு குறைவு. இடது மடலின் அடியில் ஒரு மெல்லிய தொங்கட்டான். அதற்கு மேல் ஒரு கல், அதைவிடச் சிறிய கல், ஒரு வளையம் என்று சிறுத்துக்கொண்டே ஏறி, உச்சியில் கடுகளவு வெள்ளி மணி. கீழேயும் எங்கோ ஒரு வெள்ளி இருந்தது. "வெள்ளி ஒண்ணு மட்டும் இருந்தா மறந்து போட்டதுன்னு நெனப்பாங்க. ரெண்டு இருந்தா தெரிஞ்சு போட்டது" என்று பிறகு விளக்கினார். ஆனால் ஏணியில் ஒரு படி இல்லை. கீழிருந்து எண்ணினால் ஐந்தாம் துளையில் தோடு இல்லை. கண்ணாடி போல ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

கல்லூரிப் பெண் போனதும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சலங்கை வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"சலங்கையா? போன வருஷம் வெறும் தோடாத்தான் இருந்துச்சு. வளந்துருக்கு" என்றார்.

உண்மை என்ன என்று கேட்டேன். அதற்கு நான்கு மத்தியானங்கள் ஆயின. இடையில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள், முதலாளி வந்தார், ஒரு முறை அக்காவின் கணவரே குடையை வாங்கிப்போக வந்தார். ஒவ்வொரு முறையும் கதை நின்ற இடத்திலிருந்து ஒரு சொல் பிசகாமல் தொடர்ந்தது. பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

அந்தத் தொழிற்சாலையின் பாட்டில் பிரிவில் அவர் பதினோரு வருடம் வேலை பார்த்தார். வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி. பதினான்கு பெண்களும் ஒரே பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த மாத்திரைகள் போல இருப்பார்கள். சேரும்போது இவர் காதில் காதுக்கு ஒன்றுதான். பிறகு ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "காலி இடம் இருந்துச்சு" என்றார். இதற்கு மேல் ஆழமான காரணம் வேண்டுகிறவர்கள் டீக்கடைக்காரரை அணுகலாம்.

உள்ளே உலோகம் கூடாது. அதனால் காலையில் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய், பெண்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பதினொன்றையும் கழற்றுவார். கீழிருந்து மேலே கழற்ற வேண்டும், மேலிருந்து கீழே போட வேண்டும். இல்லாவிட்டால் தொங்கட்டான் கைக்குக் குறுக்கே வரும். வலது காதின் நான்கும் ஒரு தைல டப்பாவுக்குள் போகும். இடது காதின் ஏழுக்கும் கம்பெனியே ஏற்பாடு செய்திருந்தது. ஒரு வருட முடிவில் எல்லோருக்கும் ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மாத்திரை அவரவர் செலவு. அக்கா அதில் அடியிலுள்ள தொங்கட்டானை ஞாயிற்றிலும் உச்சி மணியைச் சனியிலும் வைத்தார். ஐந்தாம் துளையின் பச்சைக்கல்லுக்கு வியாழன்.

அந்தப் பச்சைக்கல்லுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஏதோ ஒரு கடையில் ஜோடி தொலைந்து ஒற்றையாகக் கிடந்தது. யாரும் வாங்கமாட்டார்கள் என்று மலிவாகக் கொடுத்தார்கள். ஒற்றைக் காதில் ஏழு போடுகிறவருக்கு ஜோடி எதற்கு?

சிக்கல் என்னவென்றால், புதுத் துளைகள் ஒரு நாள் காலியாக இருந்தாலே சுருங்கிவிடும். சாயங்காலம் திரும்பப் போடும்போது மேல் காதில் ரத்தம் வந்தது. அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். மீன்பிடி நைலான் நரம்பை நகத்தளவு வெட்டி, ஒரு முனையைத் தீக்குச்சியில் காட்டினால் குண்டூசித் தலை போல உருண்டுகொள்ளும். அதைத் துளையில் செருகி, பின்பக்கம் மெல்லிய ரப்பர் குழாயில் சீவிய ஒரு வளையத்தை மாட்டிவிட்டால் விழாது. உலோகம் இல்லை என்பதால் வாசலில் இருந்த கருவி கத்தாது. தொப்பிக்குள் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஒரே மாதத்தில் பதினான்கு பெண்களுக்கும் அவரே செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பின்னால் அதை வியாபாரம் என்றிருப்பார்கள். வாங்காததால் சதி என்றார்கள்.

பதினான்கில் ஒருத்தி அவருடைய நாத்தனார். கணவரின் தங்கை. அதே வீட்டில் இருந்தவள். அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்தார், தன் மேசையிலேயே உட்கார வைத்தார். ஒருவர் எண்ணி நிரப்ப, ஒருவர் மூட வேண்டும். மணிக்கு ஒரு தடவை மாறிக்கொள்வார்கள். நாத்தனாருக்கு எல்லாவற்றிலும் அவசரம். நைலானை நகவெட்டியில் வெட்டாமல் பல்லால் கடித்துத் துண்டிப்பாள். ரப்பர் வளையம் மாட்டமாட்டாள். பின்பக்கம் லேசாக மடக்கிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொள்வாள்.

"பல் பட்ட முனை காதைக் கிழிக்கும்டி. ரப்பரும் மாட்டு, விழுந்துடப் போகுது."

"தொப்பிக்குள்ள விழுந்தா தொப்பிலதானே அண்ணி இருக்கும்? எங்க ஓடிடப் போகுது?"

இந்த உரையாடல் ஏறக்குறைய தினமும் நடந்தது.

சூப்பர்வைசர் பதவிக்கு நாத்தனாரை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் உடை மாற்றும் அறையில் அவள் அண்ணியின் மாத்திரைப் பெட்டியைத் திறந்தாள்.

"அண்ணி, இந்தப் பச்சைக்கல்ல போட்டுட்டுப் போறேன். நாளைக்கே குடுத்துடறேன்."

"போட்டுக்க. பத்திரம், திருகு லூசு."

அடுத்த வாரம் ஒரு பாட்டில் திரும்பி வந்தது. எங்கோ ஒரு கடையில் விற்று, வாங்கியவர் திறந்து பார்த்து, மாத்திரைகளுக்கு நடுவே ஏதோ கிடக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். யாரும் எதையும் விழுங்கவில்லை. போலீஸ்காரரின் தொண்டை உட்பட எல்லாத் தொண்டைகளும் நலம். பாட்டிலின் எண்ணை வைத்துத் தேதியையும் மேசையையும் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் மேசை. அண்ணியும் நாத்தனாரும்.

மேனேஜர் வெள்ளைத் தாளில் அதை வைத்திருந்தார். நகத்தளவு நைலான். ஒரு பக்கம் உருண்டை. மறுபக்கம் தட்டையாக நசுங்கி, பல் தடத்தோடு. அக்காவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பக்கத்தில் நின்றவளுக்கும் தெரிந்தது.

"இத யாரு செய்யறது?"

"நான்தான் சார் செஞ்சு குடுப்பேன். எல்லாருக்கும்."

"காசுக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு?" என்று மேனேஜர் உண்மையிலேயே குழம்பினார். பிறகு, "இது உங்க ரெண்டு பேர்ல யாரோடதுன்னு திங்கக்கிழமை எழுதிக் குடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க" என்றார்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பக்கம் பெட்டி மேலே ஏற வேண்டுமென்றால் மறுபக்கம் எடைக்கல் கீழே இறங்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவளுக்கு இப்பத்தான் போஸ்டிங் வர்ற நேரம். கல்யாணமும் ஆகல. பேரு கெட்டா யாரு எடுப்பா?"

"என் பேரு?"

"உனக்கு என்ன, நீ பதினோரு வருஷமா அதே ஸ்டூல்லதான் உக்காந்துருக்க. எங்கயும் போகப் போறதில்ல."

"எங்கயும் போகப் போறதில்லன்னா எதுக்கு என்னை அனுப்புறீங்க?"

"குதர்க்கம் பேசாத. அந்த நைலான் ஐடியாவே உன்னோடதுதானே. நீ இத்தன ஓட்டை போடலன்னா இதெல்லாம் நடந்துருக்குமா?"

அக்கா நாத்தனாரைப் பார்த்தார். அவள் சுடிதார் ஓரத்தில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லலயா?"

"ஆறே மாசம் அண்ணி. நான் மேல போனதும் மேனேஜர்கிட்ட நானே உண்மையச் சொல்லிடறேன். உங்கள திரும்ப எடுக்க வைக்கறேன். சத்தியமா."

ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் ஆமாம் போட வேண்டும் என்ற அக்காவின் சட்டம் அந்த வீட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. காதில் இருந்தபோது அது அழகாக இருந்தது.

திங்கட்கிழமை 'என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையாக ஒப்புக்கொண்டதற்காக மேனேஜர் பாராட்டினார். பாராட்டிவிட்டு, வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

இரண்டு மாதத்தில் நாத்தனாருக்குப் பதவி கிடைத்தது. அடுத்த வருடம் கல்யாணமும் ஆகி, தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே குடிபோனாள். சூப்பர்வைசர்கள் கண்ணாடி அறையில் உட்காருகிறவர்கள், மருந்தைத் தொடுவதில்லை. ஆகவே தோடு போடலாம். கழற்றப்பட்ட அக்காவும் இப்போது காலை முதல் இரவு வரை எல்லாத் தோட்டையும் போட்டுக்கொள்ளலாம்; ஆட்சேபிக்க ஒரு வாசல் கூட இல்லை. கம்பெனி இருவருக்குமே சுதந்திரம் கொடுத்துவிட்டது.

ஆறு மாதம் முடிந்து இருபத்தொரு மாதம் ஆகிறது.

"கேக்கலயா நீங்க?" என்றேன்.

"கேட்டேன். 'இப்ப சொன்னா என் வேலையும் போகும் அண்ணி'ன்னா. சரிதானே? போகும்தான். உங்க அண்ணன்கிட்ட கேக்கறேன்னேன். அவரு 'பழைய கதைய எதுக்குக் கிளறுற'ன்னாரு. அதோட வேலையப் பத்திக் கேக்கறத நிறுத்திட்டேன். கல்ல மட்டும்தான் கேக்கறேன்."

"கடையில எத்தனை பச்சைக்கல் இருக்கு. ஒண்ண எடுத்துப் போட்டுக்கலாமே?"

"போட்டா ஓட்டை நெறஞ்சிடும். அப்புறம் அவ எங்கிட்ட என்ன பாக்கி வச்சிருக்கா? ஒண்ணும் இல்லன்னு ஆயிடும்ல?"

இந்தக் கணக்கில் நான் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை.

வதந்தியின் கால் தடம் மட்டும் பாக்கியிருந்தது. தையல்காரர் டீக்கடையைக் காட்டினார். டீக்கடைக்காரர் பாட்டில் பிரிவில் இன்னும் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் காட்டினார். அக்காவிடம் ஒரு காலத்தில் ஆறு நைலான் வாங்கியவர். அவருக்கு அக்கா மீது இன்னும் கோபம்.

"அவங்களால இப்ப தினமும் டார்ச் அடிச்சுக் காதைப் பாக்கறாங்க. எனக்கு நாலு ஓட்டை தூந்துடுச்சு" என்றார், மடலைத் திருப்பிக் காட்டி.

"அது அவங்களோடதுதானா?"

"எழுதிக் குடுத்தாங்களே. அதுவும் சூப்பர்வைசர் மேடமே சொல்றாங்க, சொந்த நாத்தனாரு, பொய்யா சொல்லுவாங்க?"

திங்கட்கிழமைதோறும் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கிறது. நடத்துவது நாத்தனார். 'முன்னாடி இங்க ஒருத்தங்க இருந்தாங்க, காதுல பதினோரு ஓட்டை' என்றுதான் வகுப்பு தொடங்குமாம். பாட்டிலில் விழுந்தது தோடு என்று அங்கேதான் மாறியது. நைலான் என்று சொன்னால் புதியவர்களுக்கு வழி கற்றுக்கொடுத்ததாகிவிடும் அல்லவா. சலங்கையை ஊர் தன் பங்குக்குப் போட்டது.

மத்தியான இடைவேளையில் தொழிற்சாலை வாசலில் நாத்தனாரைப் பார்த்தேன். சிரித்த முகம். அண்ணியைக் கடையில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் சிரிப்பு கொஞ்சம் உள்ளே போனது.

"நான் பேரு சொல்றதே இல்ல. நாலு பேரு ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

"அந்த நைலான் பல்லால கடிச்சதாமே."

"அப்படியா? கையெழுத்து அவங்களோடது. ஃபைல்ல இருக்கு." குரலில் கோபம் இல்லை. மனப்பாடம் செய்ததைச் சொன்னது போல இருந்தது. சொல்லும்போது தலையைத் திருப்பினாள். ஒரே காதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொங்கட்டான்கள், இரண்டும் பின்னிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே பச்சைக்கல்.

"அந்தக் கல்லை அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"இதுவா? இத்துனூண்டு. நாளைக்கே குடுத்துடறேன்னு சொல்லுங்க."

சொன்னேன். அக்கா கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஐந்தாம் துளையிலிருந்து பழைய நைலானை உருவிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அழுக்குச் சேரும். பக்கத்தில் மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. வியாழனில் ரப்பர் வளையங்கள் கிடந்தன.

"நாளைக்கேவா?" என்றார்.

"அப்படித்தான் சொன்னாங்க."

நரம்புச் சுருளை எடுத்து நகத்தளவு இழுத்தார். நகவெட்டியால் வெட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் மூன்று துண்டுகளையும் வெட்டிப் பெட்டிக்குள் போட்டுவைத்தார்.